மதிப்பீடு

மின்வெட்டு நேரம். கராஜ் கதவு பாதியில் நின்றிருந்தது.
இருவரும் குனிந்து தூக்கினோம்.
"மூணு மில்லியன் ரேண்ட் பெறுமாம்,
உள்ள போகத் தவழணும்" என்றார்
டாக்டர் நவமணி படையாச்சி.

உம்ஷ்லாங்காவில், கடல் தெரியாத பக்கத்து வீடு.
தொண்ணூற்றேழாம் வருடத்து ஃபெராரி.
சிவப்பில்லை, கருநீலம்; அதனால் இன்னும் கொஞ்சம் கூட.
நான் காப்பீட்டுக் கம்பெனி ஆள்.
வெளியே சரிவில் நிற்கிறது என் டொயோட்டா டாஸ்,
ஹேண்ட்பிரேக் பிடிக்காததால் சக்கரத்துக்கு ஒரு கல்.

என் கருவி விரல் நீளம்.
தகட்டில் வைத்தால் பெயின்ட்டின் கனம் சொல்லும்.
பானெட்டில் நூற்றுப் பதினெட்டு. கதவில் நூற்றிருபது.
மறுபூச்சு இல்லை, மறைத்த அடி இல்லை.
மூக்கில் மட்டும் கல் கொத்திய புள்ளிகள்,
அம்மைத் தழும்பு மாதிரி.
கரும்பு லாரிகளுக்குப் பின்னால் போயிருக்கிறது இந்த வண்டி.
ஒவ்வொரு புள்ளிக்கும் கழிவு உண்டு.
நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மீட்டர்: அறுபத்தோராயிரத்து இருநூற்று நான்கு.
குறித்துக்கொண்டேன்.

ஜோகனஸ்பர்கில் ஒருவர் இதே வண்டி வைத்திருக்கிறார்.
நாலாயிரம் கிலோமீட்டர்.
இருக்கையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.
கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் சோபா போட்டு
இரவில் விளக்கேற்றிப் பார்க்கிறார்.
போன மாதம் அவருக்கு இதைப்போல் இரண்டு பங்கு எழுதினேன்.
ஓடாத தூரத்துக்குத்தான் இந்தச் சந்தையில் காசு.

"நான் வாங்கினப்ப இதை யாரும் சீந்தலை.
ரிப்பேர் செலவுக்குப் பயந்து வித்தார் ஒரு பல் டாக்டர்.
சாட்ஸ்வொர்த் மார்க்கெட்டில் நிறுத்திட்டு
வெண்டைக்காய் வாங்கியிருக்கேன்.
பையன்கள் சாய்ஞ்சுகிட்டு நிப்பாங்க, நானும் விரட்டினதில்லை.
இப்ப டிராக்கர் ரெண்டு, கேமரா நாலு,
பிரீமியம் என் முதல் சம்பளத்தைவிட அதிகம்.
விலை ஏற ஏற
கொஞ்சம் கொஞ்சமா திருடிட்டுப் போறாங்க என் வண்டியை.
கராஜிலதான் இருக்கு. ஆனா திருட்டுப் போச்சு."

துணியால் கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டார்:
"குறைச்சு எழுத முடியுமா?"

இருபத்திரண்டு வருடம்.
கூட்டிக் கேட்டவர்கள் உண்டு, பிரியாணி போட்டுக் கேட்டவர்கள் உண்டு,
பீட்டர்மாரிட்ஸ்பர்கில் ஒருவர் அழவே அழுதார்.
குறைக்கச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.
முடியாது என்றேன்.
தலையாட்டினார்,
கெட்ட செய்தியைச் சுற்றி வளைக்காமல் சொல்லிப் பழகியவர்.
"சரி. அப்ப ஏறி உட்காருங்க."

இரும்புத் தட்டில் வெட்டிய தடங்களுக்குள் நகர்கிறது கியர்.
முதலாவது விழுந்தது: ணங்.
இரண்டாவது மறுத்தது.
"எண்ணெய் சூடாகிற வரைக்கும் வராது.
அழுத்தினா உடையும். கெஞ்சினா சிரிக்கும்."
ஒன்றிலிருந்து நேரே மூன்றுக்குத் தாவினார்.
வண்டி ஒருமுறை இருமியது.

டொங்காட் நெருங்கும்போது இருபுறமும் கரும்பு.
எங்கோ எரித்திருந்தார்கள்; கரித்துகள் பறந்து
கண்ணாடியில் ஒட்டி, வழுக்கிப் போனது.
"ஆட்களை மயக்கத்தில் போடுறது என் உத்தியோகம்.
வாரம் பூரா மூச்சை எண்ணிக்கிட்டே இருப்பேன்.
ஞாயித்துக்கிழமை விடியக்காலையில்
ஏதாவது ஒண்ணு முழிச்சுக்கணும் எனக்கு முன்னால."
வளைவு வந்தது. கை நீண்டது. இரண்டாவது.

ணங்.

என் படிவத்தில் ஐம்பத்தாறு கட்டங்கள்.
அந்தச் சத்தத்தை எழுத ஒன்றில்லை.

திரும்பி வரும்போது கரண்ட் வந்திருந்தது,
கதவு தானாகவே திறந்தது.
மூக்கில் புதிதாக ஒரு புள்ளி, வெள்ளையாய்.
நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
மீட்டர்: அறுபத்தோராயிரத்து இருநூற்று ஐம்பத்தொன்று.
பழைய எண்ணை அடித்துத் திருத்தி
ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.

சக்கரத்தடியில் இருந்த கல்லை எடுத்துப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு
சரிவில் டாஸை இறக்கினேன்.
இரண்டாவது கியர்
சத்தமே இல்லாமல் விழுந்தது.