கிழிசல் செல்லுமா

ஞாயிறு இரவு எட்டரைக்கு
பள்ளிப் பையின் அடியில்
நசுங்கிய வாழைப்பழத்தோடு ஒட்டிக்கிடந்தது கடிதம்.
செவ்வாய்க்கிழமை விக்டோரியா காலத்து நாள்.
பிள்ளைகள் பஞ்சாலைச் சிறுமிகளாகவோ
புகைபோக்கி துடைக்கும் பையன்களாகவோ வரலாம்.
உடை பழையதாக இருக்கட்டும்.
கிழிந்திருந்தால் மிகவும் நல்லது.

பர்ன்லியில் கடைகள் அடைத்தாயிற்று.
திறந்திருந்தாலும் பதினேழு பவுண்டு.
எனக்குத் தெரியும்;
வேண்டாமென்று திரும்பி வரும் பொட்டலங்களைப்
பிரித்துச் சோதிப்பதுதான் என் வேலை.
'ஏழைச் சிறுமி, வயது ஏழு முதல் எட்டு':
மடிப்புக் கலையாத புதுத்துணி,
அதன்மேல் ஒட்டுப்போட்டதுபோல் அச்சடித்த சதுரம்,
சதுரத்தைச் சுற்றி அச்சடித்த தையல்,
ஒன்றும் பிசகாமல்.

லோர்னாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரவு ஷிப்ட்.
இடைவேளையில் போனில் சொன்னாள்:
"தலையணை உறை எடு. நீலக்கோடு போட்டது வேண்டாம்.
பத்து டீ பை, கொதிக்கிற தண்ணி, ஒரு கை உப்பு.
ஊசி பிஸ்கட் டப்பாவுல."
டப்பாவில் தீர்ந்த பேட்டரிகள் இருந்தன,
முந்தைய வாடகை வீட்டின் சாவி இருந்தது,
கொடுக்க மறந்திருக்கிறோம்.
ஊசியும் இருந்தது. அதை நான் தேடுவதற்குள்
அது என் கட்டைவிரலைக் கண்டுபிடித்துவிட்டது.

அங்கே அவள் விடிய விடியக் கறை எடுக்கிறாள்.
இங்கே நான் வாளியில் குனிந்து
கறை ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் மாலை மேவ் நாற்காலிமேல் ஏறி நின்றாள்.
ஏப்ரன் ஒரு ஓரம் மட்டும் வெளுத்து,
மறு ஓரம் பிரிட்டனை யாரோ அவசரமாக வரைந்ததுபோல்.
என் சாம்பல் மப்ளர் அவளுக்குச் சால்வை.
"சும்மா நில்லு, குத்திடும்."
நின்றாள். பிறகு ஒரு காலை மட்டும் முன்னால் நீட்டி,
"அப்பா, இது செல்லுமா?"
"எது?"
"இந்தக் கிழிசல். கடிதத்துல கேட்டிருக்காங்களே."

கறுப்பு லெக்கிங்ஸ், வலது முழங்கால்,
இரண்டு பென்னிக் காசு அகலம்.
விடுமுறைக்கு முன்பிருந்தே எனக்குத் தெரிந்த ஓட்டை.
சோபாவில், பஸ்ஸில், அவள் எப்போதும்
ஒரு கையை அங்கே வைத்தபடி உட்காருவது
ஏதோ பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"செல்லும்," என்றேன்.
பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்ததுபோல் சிரித்தாள்.

செவ்வாய் காலை, வாசலில்
எங்கே பார்த்தாலும் பதினேழு பவுண்டுச் சதுரங்கள்.
கன்னங்களில் கோகோப் பொடி.
ஒரு பையன் கழிவறை பிரஷ்ஷைத் தோளில் சாத்தியிருந்தான்,
புதுசுதான் என்று அவன் அம்மா
கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.
கறுப்புக் கவுனில் திருமதி ஹாவர்த்
மணியை ஆட்டி நகங்களைச் சோதித்துக்கொண்டே வந்தவர்
மேவின் முழங்காலில் நின்றார்.
"அடடா! எவ்வளவு நிஜமா இருக்கு!
எப்படிச் செஞ்சீங்க?"
"தேய்ச்சு," என்றேன்.
பொய்யில்லை. விளையாட்டுத் திடல் தேய்த்தது.

வியாழக்கிழமை அவை என் மேஜைக்கு வந்துவிட்டன,
பெல்ட்டில் வரிசையாக, பதினொரு ஏழைச் சிறுமிகள்.
காரணம்: அளவு சரியில்லை.
காரணம்: படத்தில் இருப்பதுபோல் இல்லை.
சீட்டைத் திரும்ப மாட்டியிருந்தார்கள்,
காலரில் கோகோ மணம்.
உடுத்திய துணிக்குப் பணம் கிடையாது என்பது விதி.
என் மேற்பார்வையாளர் டீக்குப் போயிருந்தார்.
முகர்ந்து பார்த்தேன், மடித்தேன்,
எல்லாவற்றுக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

வீட்டுக்கு வந்தால் ஊசி இன்னும் மேஜையில்,
காதில் அரை முழ நூலோடு.
மிச்சமிருந்த டீ நிறத் துண்டை வெட்டி
முழங்காலில் வைத்துத் தைத்தேன்.
குட்டையாய் ஒன்று, நீளமாய் ஒன்று,
ஒன்று எங்கே போகிறதென்று அதற்கே தெரியாமல்.

மேவ் விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.
"கடையில வாங்கினது மாதிரியே இருக்கு!"

நாளை வெள்ளிக்கிழமை.
பஸ்ஸில் அவள் கை எங்கே இருக்குமென்று
பார்க்க வேண்டும்.