வியாழக்கிழமை நாற்காலி

படிவத்தில் என் பெயருக்கு நேரே
பணியிட வழிகாட்டி என்று இருக்கிறது.
பார்டோஷ் வில்க், வயது இருபத்தாறு.
லோர்னா ஹார்க்கருக்கு நாற்பத்தொன்று.
பதினேழு வருடம் ரொட்டித் தொழிற்சாலையில்
இரவு ஷிப்ட் பார்த்தவர்.
இப்போது ஹல் துறைமுகத்து ஓரம்
காற்றாலை இறகு வார்க்கும் கூடத்தில்
வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கிறார்.
அவருக்கு நான் வழிகாட்டி.
வழி எனக்கே பாதிதான் தெரியும்.

பல்கலைக்கழகம் எனக்கு
அரை நாள் பயிற்சி தந்தது.
திரையில் மூன்று வட்டங்கள்:
படிப்பவர், வேலை தருபவர், பாடம் தருபவர்.
மூன்றும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்
நகக்கண் அளவு ஒரு நிழல்.
"அங்கேதான் நீங்கள்" என்றார்
டாக்டர் க்வார்டெங்.
பிஸ்கட் நன்றாக இருந்தது.
கையேட்டின் பின்னட்டையில்
ஒரு தொலைபேசி எண்ணும் இருந்திருக்கிறது.

ஒப்பந்தப்படி வியாழன் லோர்னாவுடையது.
சம்பளம் உண்டு, பிசின் வாளி கிடையாது.
முதல் வியாழன் போனார்.
அடுத்ததில் பிசின் கலக்க ஆள் இல்லை.
அதற்கடுத்து தணிக்கைக்காரர்கள் வந்தார்கள்.
நான்காவதற்குக் காரணம் சொல்லக்கூட
யாரும் மெனக்கெடவில்லை.
"ஒரு நாள்தானே" என்றார் கிளைவ் ஸ்டாதர்ஸ்.

கிளைவ் பொல்லாதவர் அல்ல.
இறகு ஏறாமல் கப்பல் நின்றால்
அந்த வாடகை அவர் தலையில்தான் விடியும்.
லோர்னாவுக்கும் மறுக்கத் தெரியாமல் இல்லை.
மறுத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

தேநீர் இடைவேளையில்
கையுறையைக் கழற்றாமலே
வகைக்கெழுச் சமன்பாடு போட்டார்.
தாளெல்லாம் பிசின் நாற்றம்.
ஓரிடத்தில் தட்டி நின்று என்னைக் கேட்டார்.
எனக்கு மறந்துவிட்டிருந்தது.
இருவரும் சேர்ந்து தப்பாகப் போட்டோம்.

அன்றிரவு பின்னட்டை எண்ணுக்கு அடித்தேன்.
பின்னால் ஏதோ குழந்தை
குளிக்க மாட்டேன் என்று கத்திக்கொண்டிருந்தது.
டாக்டர் க்வார்டெங் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.
"தேதி சொல்லுங்கள்" என்றார்.
"நான் சொன்னால் கேள்விப்பட்டது.
நீங்கள் சொன்னால் பார்த்தது."

பன்னிரண்டாவது வாரம், மறுபார்வைக் கூட்டம்.
மேஜையில் நாங்கள் மூவர், திரையில் அவர்.
ஏழாம் கேள்வி:
படிப்பதற்கு நேரம் கிடைக்கிறதா?
"ஒரு குறையும் இல்லை" என்றார் லோர்னா.
கிளைவ் தலையாட்டினார்.
என் முறை வந்தது.
அக்டோபர் பன்னிரண்டு, என்றேன்.
பத்தொன்பது. இருபத்தாறு.
அப்புறம் நவம்பருக்குப் போனேன்.

சுவரில் ஹீட்டர் கொரகொரத்தது.
கிளைவ் கூரையில் எதையோ தேடினார்.
டாக்டர் க்வார்டெங் எழுதும் சத்தம் மட்டும்
ஒலிபெருக்கியில் கேட்டது.

நடைகூடத்தில் லோர்னா என்னை நிறுத்தினார்.
"உன்னை யார் கேட்டது?
வருஷம் முழுக்க அந்த ஆள் முகத்தில்
நான்தானே விழிக்கணும்?"
என்னிடம் பதில் இருக்கவில்லை.
கையேட்டில் தேடிப் பார்த்தேன்.
அதிலும் இல்லை.

இரண்டு வாரம் வேலைப் பேச்சு மட்டும்.
அதற்குள் வர்ணப் பிரிவிலிருந்து
வியாழனுக்கு ஓர் ஆளைக் கொண்டுவந்தார் கிளைவ்.
யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.
ஷிப்ட் அட்டவணையில்
ஒரு கட்டம் சாம்பல் நிறமானது, அவ்வளவுதான்.

இன்று வியாழன்.
என் எதிரே நாற்காலி காலி.
யாரோ இழுத்துப்போக வந்தார்கள்;
ஹெல்மெட்டைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.
"லோர்னா லீவா?" என்று கேட்டான்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பையன்.
இல்லை, வேலையில்தான் இருக்கிறார், என்றேன்.

ஹெல்மெட்டைத் திரும்ப எடுத்தபோதுதான் கண்டேன்,
இருக்கையில் நான்காய் மடித்த ஒரு தாள்.
பிசின் நாற்றமில்லாத தாள்.
அந்தச் சமன்பாடு, முழுதாக,
பத்து வரியில் தீர்ந்து நின்றது.
அடியில் சிவப்பு மையில்:
"மூன்றாம் வரியில் குறி மாறியிருந்தது.
நீ போட்ட வரி."