நூறு வீதம்

ஆறடி நீளம். இரண்டே முக்காலடி உயரம்.
உட்துறைமுக வீதி அச்சகத்தில்
நிஸ்மியா சுருளை விரித்தபோது
மேசை போதவில்லை.
கொட்டியாரக்குடா விளிம்பால் வழிந்து
சீமெந்துத் தரைக்கு வந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு
முழங்காலில் நின்று பார்த்தோம்,
அவள் மூதூர்ப் பக்கம்,
நான் சீனன்குடாப் பக்கம்.

ஒஸ்லோவிலிருந்து ஒருவர் கேட்கிறார்:
"நுணுக்கம் எப்படி?"
அவர் கையில் இருப்பது கைபேசி.
என் ஆறடி அங்கே நாலு விரற்கடை.
கடல் ஒரு நீலக் கோடு,
மலை ஒரு சந்தேகம்.

அளவு தெரியட்டுமென்று
அச்சின் ஓரத்தில் நெருப்புப்பெட்டி வைத்து
படமெடுத்து அனுப்பினேன்.
நெருப்புப்பெட்டி நல்ல தெளிவு, என்றார்.

"ஒரு சதுரம் வெட்டி அனுப்புங்கோ," என்றாள் நிஸ்மியா.
"சுருக்காமல். நூறு வீதத்தில்.
பானைக்கு ஒரு சோறு பதம்."

சோறு வேகும் ஒரே பதத்தில்.
குடா அப்படியா வேகும்?

இரவு, மலிவு டேட்டா தொடங்கும் நேரம்வரை
சதுரம் தேடினேன்.
புரட்டாதியில், கடல் எண்ணெய்போல் கிடந்த ஒரு காலை,
சுவாமிமலையில் முக்காலி ஊன்றி
முப்பத்தாறு துண்டாய் எடுத்துத் தைத்த படம்.
எடுக்கும்போது நான் பார்த்தது
வெளிச்சத்தை மட்டும்.
இப்போது ஒவ்வொன்றாய் வருகின்றன:
கோட்டை மானின் கிழிந்த காது.
சரக்குக் கப்பலின் துருவில் மூன்று காகம்.
வள்ளத்துக் கயிற்றில் காயும் சட்டை,
அதில் ஒரு பொத்தான் வேறு நிறம்.

பிறகு, கீழே பாறையில், அவள்.

இருநூறு யார் தள்ளி,
ஆளில்லை என்று நம்பி வந்திருக்கிறாள்.
செருப்பிரண்டும் பக்கத்தில், ஒழுங்காக.
கைப்பையின் அறுந்த வாரை
முடிச்சுப் போட்டிருக்கிறாள்.
வாய் திறந்திருக்கிறது.
பாட்டா, ஏச்சா, தெரியாது.
படத்தில் இதைவிடக் கூரான இடம் இல்லை.
அந்த முடிச்சில் நூல் எண்ணலாம்.
இதை அனுப்பினால் உடனே விற்கும்.

சுட்டியை அவள்மேல் வைத்தபடி
ஒரு தேத்தண்ணி ஆறும்வரை இருந்தேன்.
பிறகு இடப்பக்கம் நகர்த்தினேன்,
அவள் போய்
வெறும் தண்ணீர் வரும்வரை.

தண்ணீர், வெறுமையில்லை.
ஒவ்வொரு நெளிவுக்கும் ஒரு விளிம்பு,
ஒரு நெளிவின்மேல் கொக்கின் இறகு ஒன்று.
அதை வெட்டினேன்.
இழுபட்டு இழுபட்டு ஏறியது,
எழுபதில் நின்று, மறுபடி முதலிலிருந்து.

விடியற்காலை பதில்:
"இறகின் ஈர்க்குத் தெரிகிறது.
முழுசும் இப்படியா?"
முழுசும், என்று எழுதினேன்.
அது உண்மை. அதுதான் உறுத்துகிறது.
ஒஸ்லோவில் ஒரு சுவரில்
அவளும் தொங்கப் போகிறாள்,
கிட்டப் போகிறவருக்கு மட்டும்.
திரையில் விரித்துப் பார்க்க
இரண்டு விரல் போதும்;
அங்கே குனியவாவது வேண்டும்
என்று சொல்லிக்கொள்கிறேன்.

நிஸ்மியா சுருட்ட வந்தாள்.
மெல்லிய தாள் ஒன்றை எடுத்து
முதலில் அந்தப் பாறைமேல் வைத்தாள்,
சரியாக அந்த இடத்தில்.
நான் அவளைப் பார்த்தேன்.
அவள் குழாயின் நீளத்தை அளந்தபடி
தபால் செலவு எவ்வளவு என்றாள்.