கையை மட்டும் பார்

நாயைப் பார்க்காதே என்றாள் ஸொய்லி,
மஞ்சள் மேல்சட்டையை என் தலைவழியே மாட்டிவிட்டு.
பென்சில் ஒன்று, அழிப்பான் ஒன்று,
நூற்றுப் பதினேழு தாள்கள் செருகிய பலகை ஒன்று.
நடுவரின் கையை மட்டும் பார்.
விரித்த கை என்றால் தவறு.
மூடிய கை என்றால் மறுப்பு.
இரண்டு கையும் குறுக்கே விழுந்தால்
கதை முடிந்தது, கோடு கிழி, அடுத்த தாள்.

உன் நாய் எது என்றாள் பிறகு.
நாய் இல்லை என்றேன்.
ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.
இந்த நாட்டில் அது ஒரு மரியாதை.

லஹ்திக்கு வெளியே, குதிரைகள் காலிசெய்துபோன கொட்டகை.
மணலில் இன்னும் அவற்றின் மூத்திர வாடை.
வெளியே மைனஸ் பதினொன்று.
நான் பேருந்து ஓட்டுபவன்.
இருபது வருடம் மூன்று கண்ணாடிகளில் அலைந்து பழகிய கண்ணை
ஓர் எஸ்தோனியரின் மணிக்கட்டில் கட்டிப்போட்டார்கள்.

அவர் பெயர் ரைவோ. குள்ளமான மனிதர், சாம்பல்நிறக் கையுறை.
கண்கொத்திப் பாம்பாக அந்தக் கையுறையையே பார்த்திருந்தேன்.
மூக்கைச் சொறியக் கை தூக்கினார்,
ஐந்து புள்ளி எழுதிவிட்டேன்.
நேரம் குறிக்கும் ஹில்க்கா தலையைத் திருப்பாமலே
அழிப்பானை என் பக்கம் நகர்த்தினாள்.

ஆக, நாய்கள் எனக்குக் காதுவழியே ஓடின.
துணிக்குழாய்க்குள் ஒன்று புகுந்தால்
தகரக் கூரையில் கோடைமழை.
பன்னிரண்டு கழிகளுக்கிடையே நெளிந்தால்
சீப்பின் பல்லில் யாரோ நகத்தை இழுப்பது.
ஏற்றப்பலகை மணலில் மோதும்போதெல்லாம்
என் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது.
குறுக்குக் கம்பி விழுந்தால் முதலில் கேட்பது கம்பியல்ல,
கூட ஓடுபவர் உள்ளிழுக்கும் மூச்சு.

மதியம் தொண்டர்களுக்குப் பட்டாணி சூப் இலவசம்,
சீட்டைக் காட்ட வேண்டும்.
சீட்டைத் தந்தவளும் ஸொய்லி,
கரண்டியோடு நின்று சீட்டைக் கேட்டவளும் ஸொய்லி.

நூற்று நான்காம் தாள். மூத்த நாய்களின் பிரிவு.
கம்பிகளை இறக்கி வைத்தார்கள்.
ஓடுபவர் வாப்பு. நாய் ஹல்லா,
கலைமான் மேய்க்கும் இனம், வயது பதினொன்று.
மழை பெய்தது. சீப்பு ஒலித்தது. பிறகு
ஒன்றுமே இல்லை.

சத்தத்துக்குத் திரும்பாமல் ஆறு மணிநேரம் இருந்தவன்
சத்தமில்லாததற்குத் திரும்பிவிட்டேன்.

ஒன்பதாம் கம்பிக்கு முன்னால் ஒரு கறுப்பு நாய், நெஞ்சில் பழுப்பு,
ஒரு காது மடிந்து, நின்றுகொண்டிருந்தது.
யாரோ காபிப் பானையோடு பக்கக் கதவைத் திறந்திருந்தார்கள்.
வெளிச்சத்தோடு பனித்தூள் உள்ளே வந்தது.
அது அதைப் பார்த்தது.
போதும் என்று தோன்றும்வரை பார்த்தது.
பிறகுதான் தாண்டியது,
சாவகாசமாக, படியிறங்குகிறவள்போல.
கடைசிக் கம்பிவரை என் கண் அதன் பின்னாலேயே போய்விட்டது.

தாள் வெள்ளையாக இருந்தது.
நாற்பத்தொன்று புள்ளி ஆறு இரண்டு என்றாள் ஹில்க்கா.
வெள்ளைத்தாள் என்றால் பிழையற்ற ஓட்டம்.
மேலே ஒரு பட்டமும் உண்டாம், அவளுக்கு இது மூன்றாவதாம்.
ஓரத்தில் கைதட்டத் தொடங்கியிருந்தார்கள்.
தாளை வாங்கிப்போகக் கம்பி தூக்கும் பையன் யல்மாரி வந்து நின்றான்.
நான் கொடுக்கவில்லை.
கொடுக்காமலும் இருக்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்தேன்.

வாப்பு வந்தாள், கழுத்தில் வாரை மாலையாகப் போட்டபடி.
ஒன்பதில் ஒரு மறுப்பு. எழுதினீர்களா?
இல்லை என்றேன். நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஹில்க்கா கடிகாரத்தைத் துடைத்தாள், அதில் அழுக்கே இல்லை.
வாப்பு கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
எப்படி இருந்தாள்?

மறுப்பை எழுதினேன், அழுத்தி, பென்சில் முனை உடையும்படி.
கதவைப் பார்த்தாள் என்றேன். பனி வந்தது. அப்புறம் தாண்டினாள்.
ம் என்றாள் வாப்பு.
யல்மாரி தாளோடு ஓடினான்.
இன்னும் பதின்மூன்று தாள்கள் இருந்தன. கையை மட்டும் பார்த்தேன்.

திங்கட்கிழமை, காலை ஆறு பத்து, முதல் நிறுத்தம்.
இருட்டில் ஒருத்தி பேருந்தை நிறுத்தக் கை நீட்டினாள்.
விரித்த கை.
ஐந்து என்று மனம் எழுதிவிட்டது.
கதவைத் திறந்தேன்.