காலுறையோடு இறங்கியவன்

இருபது நிமிடம் நிற்கும் என்றார் நடத்துனர்.
வேறு ஏதோ ரயிலைச் சொல்லியிருக்க வேண்டும்.

விடியற்காலை ஐந்தே கால்.
காப்பி வாங்கி வருகிறேன் என்று
வெண்டெலின் காலுறையோடு இறங்கினான்.
நீலத்தில் வாத்துப் படம் போட்ட காலுறை.
எட்டு அடிக்கு எதற்கு ஷூ என்றான்.
வண்டி அசைந்தபோது
நான்கு காகிதக் கோப்பைகளையும் ஏந்தியபடி
ஓடாமல் நின்றான்.
ஓடினால் சிந்திவிடுமாம்.

ப்ர்னோவிலேயே போட்டுவிட்ட திட்டம், என் கையெழுத்தில்.
ரோம்: மூன்று நாள், மணிவாரியாக.
பொலோன்யா அதில்
தூக்கத்தில் கடந்துவிட வேண்டிய ஒரு பெயர்.

மலையைக் குடைந்த வழியெல்லாம் இருட்டு.
சிக்னல் வந்ததும் அழைத்தால், அவன் போன்
மேல்படுக்கையில் தலையணைக்கடியில் அடித்தது.
போஹுஷ் சிரித்தான். ராட்கா முறைத்தாள்,
பிறகு அவளும் சிரித்தாள்.
நான் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃப்ளோரன்ஸில் இறங்கி, எதிர்வண்டி பிடித்து
(டிக்கெட் பரிசோதகரிடம் ஷூவைச் சாட்சிக்குக் காட்டி)
திரும்பி வந்தபோது மணி ஒன்பது.
நடைமேடையில் ஆள் இல்லை.
தூணடியில் மூன்று கோப்பைகள்,
மூடி போட்டு, ஆறிப்போய்.
தன் பங்கை மட்டும் குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

தேடிக்கொண்டு நகருக்குள் நுழைந்தோம்.
ஒரு நகருக்குள் அப்படித்தான் நுழைய வேண்டும் போல.

மழை பிடித்தது. நாங்கள் நனையவில்லை.
தெருவுக்குத் தெரு வளைவுக் கூரை;
ஒரு தூண் எங்களை அடுத்த தூணிடம்
கைமாற்றிக்கொண்டே போனது.
எதையோ கேட்க வந்து மறந்தவரைப் போலச்
சாய்ந்து நின்றது ஒரு கோபுரம்.
அதனடியில் பட்டம் வாங்கிய பெண்ணொருத்தி,
தலையில் இலைமாலை, மூக்கெல்லாம் மாவு,
தோழிகள் அவள் மானத்தை வாங்கும் பாட்டொன்றை
ஊருக்கே கேட்கும்படி பாடிக்கொண்டிருந்தார்கள்.

காலுறை, வாத்து, உயரமானவன் என்று
ராட்கா தன் அரைகுறை இத்தாலியனில் விசாரித்தாள்.
செய்தித்தாள் விற்பவருக்குத் தெரிந்திருந்தது.
பன்றித்தொடைகள் தொங்கும் கடையிலும் தெரிந்திருந்தது:
"வெண்டெலீனோவா? மீன் சந்துக்குப் போனானே!"
நான்கு மணி நேரத்தில் அவன் பெயருக்கு
ஓர் ஓகாரம் முளைத்திருந்தது.

மீன் சந்தில்
பனிக்கட்டிப் பெட்டி சுமந்துகொண்டிருந்தான்.
காலில் கடைக்கார எர்ஸிலியாவின் ரப்பர் செருப்பு,
ரோஜா நிறம், குதிகால் வெளியே.
"ஏன் இவ்வளவு நேரம்?" என்றான்
எங்களை. எங்களை!

எர்ஸிலியா கையில் கத்தியோடு எங்களைத் திட்டினாள்.
கூட வந்தவனை இப்படியா விட்டுப்போவார்கள்?
திட்டி முடித்த கையோடு
பொரித்த நெத்திலியைப் பொட்டலத்தில் கட்டி
எலுமிச்சை பிழிந்து நீட்டினாள்.
காசு கொடுத்தால் மறுபடி திட்டினாள்.

மாலையில் அவள் மகன் லோரிஸ் கூட்டிப்போனான்.
சதுக்கத்தை ஒட்டி ஒரு வளைவு மண்டபம்.
ஒரு மூலையில் சுவரிடம் ரகசியம் சொன்னால்
குறுக்கே எதிர்மூலையில் கேட்கும்;
நடுவில் சைக்கிள்கள், நாய்கள், சண்டை போடும் காதலர்கள்,
அதற்கெல்லாம் ஒன்றும் ஆகாது.
வாத்தியார் மூலையில் நிறுத்திய பையனாக
நான் செங்கல்லில் காது வைத்தேன்.
செங்கல் சொன்னது:
"ஏற நேரம் இருந்தது."

திரும்பிப் பார்த்தேன்.
அவன் சுவரைப் பார்த்தே நின்றான்,
ரோஜா நிறச் செருப்பில்.

மற்ற இருவரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை.

ரோமுக்கு இரண்டு நாள் தாமதம்.
ரோம் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஊர் திரும்பும் இரவில்
ஏதோ ஒரு நிலையத்தில் வண்டி நின்றது.
பெயர்ப்பலகைக்கு விளக்கில்லை.
தூரத்தில் ஒரு கடை மட்டும் திறந்திருந்தது.
எத்தனை நிமிடம் நிற்கும் என்று
நான் யாரையும் கேட்கவில்லை.
குனிந்து
ஷூவைக் கழற்றினேன்.