பச்சைத் தாள்

மூன்றாவது பட்டறையிலேயே புரிந்துவிட்டது,
மஞ்சள் தாளில் எழுதுவது அறிக்கையில் ஏறாது.
பச்சையில் எழுது என்றேன் லோகநாயகியிடம்.

‘நாலாம் லயத்துப் பின்சாக்கடை அடைச்சிருக்கு.’
கோலாலம்பூர்ப் பையன் படித்துப் பார்த்து
‘நீர்சார் வாழ்வாதாரம்’ என்று அடியில் எழுதினான்.
நல்ல பையன்தான்.
எல்லாருக்கும் மைலோ ஊற்றிக் கொடுத்தான்.

முன்பு செம்பனை லோரியை மறித்து நின்றோம்.
கிராணியே இறங்கி வந்தார்.
மறுநாள் மண்வெட்டிகள் வந்தன.

இப்போது என் கழுத்தில் அட்டை:
சமூக ஒருங்கிணைப்பாளர், செராயா தோட்டம்.
கூட்டத்துக்கு எண்பது வெள்ளி,
கையெழுத்துப் போட்டால்.

நேற்றிரவு மழை.
முழங்கால்வரை சேற்றோடு
லோகநாயகி கதவைத் தட்டினாள்.
‘பச்சைத் தாள் இன்னும் இருக்கா?’

கேலியா, தெரியவில்லை.
மின்சாரம் போயிருந்தது, முகம் பார்க்க முடியவில்லை.

இருந்தது.
கொடுத்தேன்.