நுனிக்கால்

அந்தோஃபகாஸ்தாவில் மழை அபூர்வம்.
எங்கள் பாலர் பள்ளியின் தகரக் கூரையில் விழுவது
பாலைத் தூசியும் கடற்காக்கைகளும்தான்.

பன்னிரண்டரைக்கு மொச்சை சூப் முடியும்.
இருபத்திரண்டு மெத்தைகள்,
இருபத்தொரு தூக்கங்கள்.

தான்கோ தூங்கமாட்டான்.
அவன் குதிகால் நிலம் பாவி
நான் பார்த்ததில்லை.
மார்ச் மாதப் படிவத்தில் கேட்டிருந்தார்கள்:
நுனிக்காலில் நடக்கிறானா? ஆம்.
பேசுகிறானா? இல்லை.
'குறைகள்' என்ற தலைப்பின்கீழ்
என் பேனாதான் எழுதியது.

ஒரு வியாழன் ரோஸ்தலின் எழுந்து நின்றாள்.
ஹெய்ட்டியிலிருந்து வந்து ஒன்பது நாள்.
கழிப்பறைக்கான சொல்லை
நாங்கள் இன்னும் அவளுக்குத் தந்திருக்கவில்லை.
தொடைகளை இறுக்கிக்கொண்டு
கதவைப் பார்த்தாள், பலகைத் தரையைப் பார்த்தாள்.
முதல் அடிக்கே அது முனகியது.

நான் எழுவதற்குள்
தான்கோ அவள் முன்னால் போய்விட்டான்.
எந்தப் பலகை கத்தும், எது கத்தாது என்று
நடந்து நடந்தே படித்துவைத்திருக்கிறான்.
அவளும் குதிகாலைத் தூக்கினாள்.
அவன் வைத்த இடத்தில் வைத்தாள்.
மெத்தைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து
இரண்டு பூநாரைகள்.
ஒரு குறட்டையும் கலையவில்லை.

இப்போது மதியத்தில் எல்லோருக்கும் அதுதான் நடை.
சமையல்கார மிர்த்தாவுக்கும்,
தொண்ணூறு கிலோவோடு.

ஜூனில் ஆய்வாளர் அம்மா வந்தார்,
கையில் படிவம், காலில் டக் டக்.
வாசலிலேயே ரோஸ்தலின்
உதட்டில் விரல் வைத்து
அவர் செருப்பைக் காட்டினாள்.

குனிந்து கழற்றினார்.
மூன்றாவது பலகையில் மாட்டிக்கொண்டு
சுவரைத் தேடிக் கை நீட்டினார்.
தான்கோ அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு
வேறு பக்கம் போய்விட்டான்.